புது நெபுலைசர் வாங்குறீங்களா? மெஷினை விட கப்பைப் பாருங்க: மதுரைப் பக்க அனுபவப் பகிர்வு

கோரிப்பாளையம் சர்வீஸ்

மருந்தைப் பொடித்துளியாக்கி மூச்சோட உள்ள அனுப்புற மெஷின்தான் நெபுலைசர். கடையில எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லாருக்கும்?" கேக்க வேண்டியது வேற. மருந்துக் கப்பு எத்தனை மில்லி பிடிக்கும், கடைசியில எவ்வளவு மருந்து கப்புலயே நின்னுபோகும், அந்தக் கப்பு மட்டும் தனியா இங்க கிடைக்குமா, இந்த மூணும்தான். மோட்டார் காத்தைத் தள்ளுறதோட சரி. மருந்தைத் துளியா உடைக்கிற வேலை முழுக்க கப்புக்குள்ள நடக்குது.

கப்போட அடியில ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். காத்து அது வழியா சீறிக்கிட்டு வரும்போது பக்கத்துல அழுத்தம் குறைஞ்சு மருந்து தானா மேல ஏறும். அதுக்கு மேல குல்லா மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு, பேஃபிள்னு சொல்லுவோம். பெரிய துளியெல்லாம் அதுல மோதித் திரும்பக் கப்புக்குள்ளயே விழும், பொடித்துளி மட்டும் மாஸ்க்குக்குப் போகும். 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைக்கும் உள்ள துளிதான் நுரையீரலுக்குள்ள இறங்கும். அதுக்கு மேல பெருசா இருந்தா தொண்டையிலயே படிஞ்சு வயித்துக்குப் போயிடும். அதனால புகை அடர்த்தியா வருதுன்னு மட்டும் பார்த்து மெஷின் எடுக்காதீங்க. அடர்த்தியா தெரியிறது பெருந்துளியாவும் இருக்கலாம்.

அட்டைப் பெட்டியோட பக்கவாட்டுல எம்.எம்.ஏ.டி.னு ஒரு எண் போட்டிருப்பாங்க, துளியோட நடு அளவு மைக்ரான்ல. அது 5-க்குக் கீழ இருக்கணும். மிச்ச அளவுன்னு ஒண்ணு இருக்கும், கடைசியில கப்புலயே நிக்கிற மருந்து, அது 1 மில்லிக்குள்ள இருந்தா நல்லது. இந்த ரெண்டும் அச்சடிக்காத பெட்டியை நான் யாருக்கும் எடுத்துக் குடுக்கச் சொல்ல மாட்டேன், விலை எவ்வளவு குறைஞ்சாலும் சரி.

வாங்கின அன்னிக்கே ஒரு சோதனை பண்ணிருங்க. சிரிஞ்சுல அளந்து 3 மில்லி சலைன் (உப்புக்கரைசல்) மட்டும் ஊத்தி ஓட்டுங்க. ஆறு நிமிஷத்துலேர்ந்து பத்து நிமிஷத்துக்குள்ள சலைன் தீர்ந்து கப்பு விட்டுவிட்டுத் துப்ப ஆரம்பிக்கணும். எத்தனை நிமிஷம்னு கப்புப் பையிலயே தேதியோட எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சு இதே சலைன் பதினஞ்சு நிமிஷம் இழுத்தா கப்பு போச்சு, இல்ல மோட்டார் தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். புதுக் கப்பு மாட்டிப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சுபோகும்.

திருமங்கலம் மருந்துக்கடை

அண்ணன் சொன்ன மிச்சக் கணக்கு ரொம்ப முக்கியம், இன்னும் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன். 2 மில்லி ரெஸ்ப்யூலை (ஒரு தடவைக்கான சின்ன பிளாஸ்டிக் மருந்துக் குப்பி) உடைச்சு அப்படியே ஊத்துறீங்க. கப்புல 1 மில்லி நின்னுபோகுதுன்னா ஏறக்குறைய பாதி மருந்து வீண். அதே மருந்தோட 2 மில்லி சலைன் சேத்து 4 மில்லியா ஊத்தினா, நிக்கிற 1 மில்லியில கால்பங்கு மருந்துதான் இருக்கும். டாக்டர் சீட்டுல "சலைன் சேர்த்து"ன்னு எழுதுறது இதுக்குத்தான். தண்ணியாக்கினா மருந்து வீரியம் குறைஞ்சிரும்னு நெனச்சு சலைனை விட்டுடுறாங்க. குறையாது, உள்ள போறது கூடும். நேரம் மட்டும் கொஞ்சம் கூட ஆகும்.

சலைன்னா 0.9 சதவீத நார்மல் சலைன். கேன் தண்ணி, ஆறவச்ச தண்ணி, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் எதுவும் கூடாது. உப்பு இல்லாத தண்ணி துளியா உள்ள போனா மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு கூடிரும். 100 மில்லி பாட்டிலை உடைச்சு வாரக்கணக்கா வச்சுக்கிறதும் வேண்டாம், சின்ன ஆம்பியூலா வாங்கிக்கங்க.

இன்னொண்ணு, இதுல தப்பு நடந்தா ஆபத்து. மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால் மருந்து ரெண்டு வடிவத்துல வருது. ரெஸ்ப்யூல்ல 2.5 மில்லிக்கு 2.5 மி.கி. சொட்டு பாட்டில்ல வர்ற கரைசல் 1 மில்லிக்கு 5 மி.கி. அதாவது மில்லிக்கு மில்லி அஞ்சு மடங்கு. ரெஸ்ப்யூல் பழக்கத்துல பாட்டில்லேர்ந்து 2.5 மில்லி ஊத்தினா 12.5 மி.கி. போயிரும். கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும். பாட்டில்லேர்ந்து எடுக்கிறவங்க கண்டிப்பா சிரிஞ்சுல அளந்துதான் எடுக்கணும்.

பியூடசனைடுங்கிற ஸ்டீராய்டு மருந்து பால் மாதிரி கலங்கலா இருக்கும், கரைஞ்ச மருந்து இல்ல. உடைக்கிறதுக்கு முன்னாடி ரெஸ்ப்யூலை மெதுவாச் சுழட்டுங்க, அடியில மருந்து தங்கியிருக்கும்.

யூகலிப்டஸ் தைலம், ஆவி பிடிக்கிற மாத்திரை, கற்பூரம், துளசிச் சாறு, எதையும் கப்புல போடாதீங்க. சட்டியில ஆவி பிடிக்கிறது வேற, இது வேற. இங்க துளி நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகுது. எண்ணெய் அங்க தங்கினா வெளிய வராது, அதுவே நிமோனியா ஆகும்.

மேலூர் செவிலி

மாஸ்க்கைப் பத்தி நான் சொல்றேன். குழந்தை அழுதேன்னு மாஸ்க்கை மூஞ்சிக்கு ரெண்டு இஞ்சு தள்ளிப் பிடிப்பாங்க. அப்படிப் பிடிச்சா மருந்து காத்துலதான் போகும், அம்மா மூஞ்சியில படியும், குழந்தைக்குப் போறது ரொம்பக் கம்மி. மாஸ்க் ஓரம் கன்னத்துல ஒட்டணும். பெரியவங்க மாஸ்க்கைக் குழந்தைக்கு மாட்டினா தாடை, கண்ணு ரெண்டு பக்கமும் ஒழுகும். அழுதுக்கிட்டு இருக்கும்போது வைக்கிறதும் பலன் இல்ல, அழுகையில மூச்சை இழுக்கிற நேரம் குறைஞ்சு போகுது. மடியில நிமிர்த்தி உக்கார வச்சு, கார்ட்டூன் போட்டுக் காட்டியாவது அடங்க வச்சுட்டு வைங்க. தூங்கும்போது வச்சா பரவாயில்லைனு நெனப்பாங்க, மாஸ்க் பட்டதும் முழிச்சுக்கும்.

பெரியவங்களுக்கு வாயில வைக்கிற மௌத்பீஸ்தான் முதல் தேர்வு. இப்ராட்ரோபியம் (இதுவும் மூச்சுக்குழாயை விரிக்கிறதுதான்) சேந்த மருந்து மாஸ்க் இடுக்கு வழியா கண்ணுக்குப் போனா பாவை விரிஞ்சு மங்கலாத் தெரியும். கண் அழுத்தம் உள்ளவங்களுக்கு அது பெரிய தொந்தரவு. பல்லால மெதுவாக் கடிச்சு, உதட்டை மூடி, சாதாரணமா மூச்சு விடட்டும். அஞ்சாறு மூச்சுக்கு ஒருக்கா ஆழமா இழுத்து ரெண்டு மூணு நொடி நிறுத்தினா போதும். வேகவேகமா இழுத்தா தலை சுத்தும்.

கப்பு நேரா நிக்கணும். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு முதுகுக்கு ரெண்டு தலையணை குடுத்து உக்கார வைங்க. கப்பு சாஞ்சா மருந்து ஒரு பக்கம் ஒதுங்கி, துவாரம் வெறும் காத்தை மட்டும் துப்பிக்கிட்டிருக்கும். மோட்டார் சத்தம் ஓடும், மருந்து போகாது.

ரெண்டு மருந்து தனித்தனியா எழுதியிருந்தா முதல்ல மூச்சுக்குழாயை விரிக்கிறது, அப்புறம் ஸ்டீராய்டு. முடிஞ்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பணும், மாஸ்க் பட்ட இடத்தைத் தொடைக்கணும். கைக்குழந்தைன்னா ஈரத்துணியால நாக்கைத் தொடைச்சு விட்டுக் கொஞ்சம் பால் குடுங்க. இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளை வெள்ளையா பூஞ்சை படியும்.

உதடு நீலமாகுது, மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு நடுவுல குழி விழுது, ஒரு வாக்கியத்தை முழுசாப் பேச முடியல, ஒரு தடவை வச்சும் அடங்கலைன்னா மறுபடி மறுபடி வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க. 108-க்குப் போடுங்க.

உசிலம்பட்டி எலக்ட்ரிக்கல்

கரண்டு விஷயம். மோட்டார் வச்சுக் காத்தைத் தள்ளுற கம்ப்ரசர் மெஷின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கணக்குக்குப் பண்ணினது. சாயங்காலம் எல்லா மோட்டாரும் ஓடுற நேரத்துல கிராமத்து லைன் கடைசியில வோல்டேஜ் இறங்கிரும். அப்ப பிஸ்டன் அழுத்தம் குறைஞ்சு துளி பெருசாகும், நேரம் இழுக்கும். அந்த மாதிரி லைன்ல இருக்கிறவங்க இன்வெர்ட்டர்ல வச்சு ஓட்டுறது மேல். ஆனா சைன்வேவ் இன்வெர்ட்டரா பாருங்க. பழைய ஸ்கொயர்வேவ்ல மோட்டார் உறுமும், சூடாகும்.

அமெரிக்காவுலேர்ந்து யாராவது குடுத்துவிட்ட மெஷின்னா பின்னாடி லேபிளைப் படிங்க. 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு இருந்தா நேரா மாட்டினா கருகிப்போகும். கன்வெர்ட்டர் போட்டாலும் ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டார் மெதுவாத்தான் சுத்தும். அதை விட்டுட்டு இங்கயே ஒண்ணு வாங்கிருங்க.

நிறைய மெஷின்ல 20 நிமிஷம் ஓட்டி 40 நிமிஷம் நிறுத்தணும்னு போட்டிருக்கும். வீட்டுல ரெண்டு பேருக்கு அடுத்தடுத்து வைக்கிறவங்க இதைப் பார்க்காம ஓட்டித்தான் காயிலை எரிக்கிறாங்க.

கொரோனா காலத்துல வாங்கின 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர்ல டியூபை மாட்டி கப்பை ஓட்டலாமான்னு கேக்குறாங்க. காத்து வரும், அழுத்தம் போதாது. நெபுலைசருக்குன்னே தனி வாய் வச்ச மாடலா இருந்தா மட்டும் சரி.

கோரிப்பாளையம் சர்வீஸ்

"மோட்டார் ஓடுது, புகை வரல"ன்னு வர்ற மெஷின்ல நான் முதல்ல திறக்கிறது மோட்டாரை இல்ல, கப்பைத்தான். பேஃபிள் காணாமப் போயிருக்கும். கழுவும்போது சிங்க்ல விழுந்து தண்ணியோட ஓடியிருக்கும், கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும் அது. அது இல்லாம எந்தக் கம்ப்ரசர் மெஷினும் சரியாப் புகை விடாது. கழுவும்போது கீழ ஒரு வடிதட்டு வச்சுக்கங்க.

அடுத்து உப்புத்தண்ணி. நம்ம பக்கம் போர் தண்ணியில கழுவிக் காயவச்சா துவாரத்தைச் சுத்தி வெள்ளையா உப்பு கட்டும். கப்பைச் சன்னலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. நல்ல துவாரம் வட்டமா, ஒரு பொட்டு வெளிச்சமாத் தெரியும். உப்பு அடைச்சது பிறை மாதிரி தெரியும். ஊக்கு, ஊசி, துடைப்பக்குச்சி விட்டுக் குத்தாதீங்க. துவாரம் ஒரு நூல் அகலமானாலே துளி அளவு மாறிப்போகும், அந்தக் கப்பு அதோட குப்பைதான். சோப்புத்தண்ணியில கழுவிட்டு, கடைசி அலசலைக் காய்ச்சி ஆறவச்ச நல்ல தண்ணியில முடிச்சா உப்பு ஏறாது.

ஒவ்வொரு தடவையும் அலசி, உதறி, சுத்தமான துணி மேல கவுத்தி காத்தாடக் காயவைக்கணும். ஈரத்தோட மூடி வச்சா கிருமி வளரும், அடுத்த தடவை அதையும் சேத்து நெஞ்சுக்குள்ள அனுப்புறோம். தினம் ஒருக்கா கப்பையும் மௌத்பீஸையும் அஞ்சு நிமிஷம் கொதிக்க வைக்கலாம், கொதிக்க வைக்கலாம்னு பெட்டியில போட்டிருந்தா மட்டும். மெத்துனு இருக்கிற பிவிசி மாஸ்க்கைக் கொதிக்கப் போட்டா சுருங்கிரும்.

டியூபைக் கழுவவே கூடாது. உள்ள ஈரம் கண்டா கப்பைக் கழட்டிட்டு மெஷினை ரெண்டு நிமிஷம் வெறுமனே ஓட்டுங்க, காஞ்சிரும். டியூபோட ரெண்டு முனையும் நாள்பட நாள்பட தளந்து காத்து ஒழுகும். முனையில கால் இஞ்சு வெட்டிட்டு மாட்டினா திரும்ப இறுகும்.

பஞ்சு ஃபில்டர் சாம்பல் நிறமானா மாத்திரணும். குவாரிப் பக்கம், அரிசி ஆலைப் பக்கம் வீடு உள்ளவங்களுக்கு ரெண்டு மாசம் கூடத் தாங்காது. அதைக் கழுவி மாட்டுறது வீண் வேலை.

வைகைக்கரை

மெஷ் நெபுலைசர் சத்தமே இல்லாம ஓடுது, பையில போட்டுக்கலாம். அதை வாங்கலாமா அண்ணே? அதோட, ஒரு தம்பி வேப் (மின்சிகரெட்) மெஷின்ல டேங்க் மாத்துற மாதிரி இந்த மருந்தையும் அதுல ஊத்தலாமான்னு கேட்டான்.

கோரிப்பாளையம் சர்வீஸ்

மெஷ் நல்ல பொருள்தான், கப்புல மிச்சமும் ரொம்பக் கம்மி. உள்ள ஆயிரத்துக்கும் மேல துளை போட்ட தகடு அதிர்ந்து மருந்தைத் துளியாக்குது. ஆனா உப்புத்தண்ணியும் பியூடசனைடும் சேந்தா அந்தத் துளை சீக்கிரம் அடைக்கும். விரல், பஞ்சு, பிரஷ் எதுவும் தகட்டுல படக்கூடாது. முடிஞ்ச கையோட டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி ஒரு நிமிஷம் ஓட்டிக் கழுவணும். கழுவுறதுக்கு அது சரி, மருந்தோட சேக்கிறதுக்குத்தான் கூடாது. தகடு போனா அந்த மாடலோட தகடுதான் வேணும், வேற எதுவும் பொருந்தாது. கம்ப்ரசர் கப்பு அப்படி இல்ல, வாய்ப்பகுதி பெரும்பாலும் 22 மி.மீ. அளவுதான், வேற கம்பெனி மாஸ்க்கும் பொருந்தும். வீட்டுல தினம் வைக்கிறவங்களுக்குக் கம்ப்ரசர், அடிக்கடி பஸ்ஸுல போறவங்களுக்கு மெஷ். என் கணக்கு அவ்வளவுதான்.

திருமங்கலம் மருந்துக்கடை

வேப் கேள்விக்கு நான் சொல்றேன். அதுல காயில் சூடாகித்தான் ஆவி வருது, நெபுலைசர்ல சூடே கிடையாது. ஆஸ்துமா மருந்தைச் சூட்டுல போட்டா அது மருந்தா இருக்காது. மின்சிகரெட் இந்தியாவுல 2019 சட்டப்படி தடை. விக்கிறவங்களுக்கு முதல் தடவையே ஒரு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டுமே. அதே வருஷம் அமெரிக்காவுல, முக்கியமா வேப் டேங்குல கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டுங்கிற எண்ணெய்ப் பொருளால நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, 68 பேர் செத்தாங்க. முன்னாடி எண்ணெய் வேண்டாம்னு சொன்னேன்ல, அதே சங்கதிதான் இதுவும். தம்பிகிட்ட இதைச் சொல்லிருங்க.

மேலூர் செவிலி

ஒண்ணு விட்டுப்போச்சு. லேசான இளைப்புக்கு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் (இன்ஹேலர் முனையில மாட்டுற பிளாஸ்டிக் குடுவை) ஒழுங்காப் பிடிச்சா நெபுலைசருக்கு ஈடா வேலை செய்யும், குழந்தைகளுக்கும் அப்படித்தான். கரண்டு வேண்டாம், கொதிக்க வைக்க வேண்டாம். டாக்டர் நெபுலைசர்தான்னு சொல்லாத வரைக்கும் மெஷினுக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கங்க. பிடிக்கிற முறையை ராஜாஜி மருத்துவமனையிலயோ தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலயோ கேட்டா செஞ்சு காட்டுவாங்க.

வைகைக்கரை

பேஃபிள் மட்டும் தனியா கிடைக்குமா?

கோரிப்பாளையம் சர்வீஸ்

பெரும்பாலும் கிடைக்காது, கப்பாத்தான் வாங்கணும். பனகல் சாலை சர்ஜிகல் கடையில கப்பு, டியூப், மாஸ்க் சேந்த கிட் கிடைக்கும். பழைய கப்பைக் கையோட கொண்டுபோங்க. குல்லா அடியில ஒட்டிப் பிறந்த மாடலும் இருக்கு, தனியா வர்றதும் இருக்கு. ஒட்டிப் பிறந்ததா கேளுங்க, சிங்க்ல விழுற பேச்சே வராது. வாங்கிட்டு வந்ததும் 3 மில்லி சலைன் ஊத்தி ஓட்டி, நிமிஷத்தை எழுதிக்கங்க.