புதுப்பிப்பு: நின்றுபோன பேச்சுப் பயிற்சி, புகாருக்கு முடிவு வந்துவிட்டது

இங்கே அமெரிக்காவில், மகனின் ஐஇபி-யில் (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதித்தரும் தனிக் கல்வித் திட்டம்) எழுதியிருந்தும் பள்ளி நான்கு மாதமாகப் பேச்சுப் பயிற்சி தரவில்லை என்று கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வக்கீலெல்லாம் அப்புறம், முதலில் மாநிலக் கல்வித் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கட்டணம் இல்லை. ஐடியா (IDEA) என்ற, மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டப்படி, மீறல் புகாருக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். பொதுவாக 60 நாளில் முடிவு. எனக்கு 57ஆம் நாள் வந்தது. நான் கோபத்தில் கொட்டிய மூன்று பக்கத்தைவிட, காலண்டரில் அவன் அக்கா பென்சிலால் "இன்றும் டீச்சர் வரல" என்று குறித்துவைத்த தேதிகள்தான் எடுபட்டன. விடுபட்ட மணி நேரங்களை ஈடுகட்டச் சொல்லி உத்தரவு.

எதிர்பாராதது ஒன்று: புகாரின் நகலைப் பள்ளி மாவட்டத்துக்கும் (ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு) நாமே அனுப்ப வேண்டும். அது தெரியாமல் எனக்கு இரண்டு வாரம் போச்சு.