"என்ன வேலை செய்றீங்க" என்றால் "சும்மாதாங்க இருக்கேன்" என்கிறார்கள், ஆய்வுக்கு எப்படிக் கேட்பது?

சிவதாபுரம் மாணவி:

சேலத்தில் எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வேலை வாங்கிச் செய்கிற பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். என் தெருவிலேயே பத்துப் பதினைந்து வீடுகளில் இது நடக்கிறது. கண்ணி சேர்ப்பார்கள், சலங்கை வைப்பார்கள். வெள்ளியை எடை போட்டு வாங்கிவந்து, முடிந்ததும் எடை போட்டுத் திருப்பித் தருவது வீட்டுக்காரர்தான், கூலியும் அவர் கையில்தான் வரும்.

வகுப்பில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட் பற்றிப் படித்ததிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு ஷிப்டு காத்திருக்கிறது என்று 1989-லேயே எழுதியவர். ஆனால் அவர் பார்த்த பெண்களுக்கு அலுவலகம் ஒரு இடம், வீடு ஒரு இடம். இங்கே இரண்டும் ஒரே திண்ணையில் நடக்கின்றன. குக்கர் விசிலுக்கு எழுந்து போய் வந்து மறுபடி கண்ணி சேர்க்கிறார்கள். முதல் ஷிப்டு எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

இதில் பெரிய சிக்கல், "என்ன வேலை செய்றீங்க" என்று கேட்டால் கையில் கொலுசை வைத்துக்கொண்டே "சும்மாதாங்க இருக்கேன்" என்கிறார்கள். ஏழு வீட்டில் கேட்டேன், ஐந்து வீட்டில் இதே பதில். கேள்வித்தாளை எப்படி மாற்றலாம்?

களப்பணி அக்கா:

தங்கச்சி, முதலில் அந்தப் பதிலை அப்படியே எழுதி வை, ஆய்வேட்டில் அதற்கே ஒரு பக்கம் தரலாம். அரசுக் கணக்கெடுப்பிலும் இதே கதிதான். வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்றால் தேசிய மாதிரி ஆய்வில் 92 என்று ஒரு எண், அதைப் போட்டுவிட்டால் உழைப்பாளர் கணக்கிலேயே வரமாட்டார். உன் தெருக்காரர்கள் "சும்மா" என்று சொன்னால் கேட்க வருகிறவர் அந்த எண்ணைத்தான் போட்டுவிட்டுப் போவார்.

அதனால் "வேலை" என்ற சொல்லையே எடுக்காதே. நேற்று விடியற்காலை நாலு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நாலரைக்கு என்ன, இப்படி அரை மணி அரை மணியாக இன்று நாலு மணி வரை கேள். 2019-ல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படித்தான் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு ஒரு நாளில் அதற்கே 299 நிமிடம் போகிறது, ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம் என்று அதில்தான் தெரிந்தது. அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81 பேர்.

இன்னொன்று, ஹோக்‌ஷில்ட் கேள்வித்தாளோடு நிற்கவில்லை. ஐம்பது தம்பதிகளிடம் விரிவாகப் பேசிவிட்டு, ஒரு டஜன் வீடுகளில் கூடவே இருந்து பார்த்தார். அதில் ஒரு வீடு எனக்கு மறக்காது. சண்டை போட்டுக் களைத்துப்போன கணவன் மனைவி கடைசியில் மாடி அவளுக்கு, கீழ்த்தளம் அவனுக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். சரிபாதி என்று இரண்டு பேருமே மனதார நம்பினார்கள். மாடி என்றால் சமையல், குழந்தை, துணி, எல்லாம். கீழே என்றால் கார் நிறுத்துமிடமும் நாயும். வெறுமனே "யார் எவ்வளவு செய்றீங்க" என்று கேட்டிருந்தால் பாதிப் பாதி என்றுதான் பதில் வந்திருக்கும். நீயும் போய் உட்கார், முடிந்தால் நீயும் நாலு கண்ணி சேர், அப்புறம் பேச்சு தானாக வரும். கணவரிடம் தனியாகக் கேட்க மறக்காதே.

ஹோக்‌ஷில்டே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய நாட்களில் கைக்குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிப்போய்ப் படுக்கவைத்துக்கொண்டு மாணவர்களைச் சந்தித்தவர். நானும் என் மகளை வைத்துக்கொண்டுதான் ஆய்வேடு எழுதினேன், அதனால் அவர் எழுத்தில் அந்த இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

தறி வீட்டுப் பையன்:

இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் நாங்கள். அப்பா நெய்வார், அம்மா தார் (ஊடை நூல் சுற்றும் குழல்) சுற்றுவார், பாவு பிடிப்பார், இழை அறுந்தால் ஓடிவந்து முடிவார். கேட்டால் "கூடமாட ஒத்தாசை" என்பார். போன வருடம் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா ஆறு நாள் ஊருக்குப் போனபோது மூன்றாம் நாளே தறி நின்றுவிட்டது, அப்பாவால் தாரும் சுற்றி நெய்யவும் முடியவில்லை. அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போனா இங்கே என்னென்ன நிற்கும்?" எங்கள் வீட்டில் இதைக் கேட்டால் அம்மாவுக்கு முன்னால் அப்பாவே பதில் சொல்லிவிடுவார்.

ஏற்காட்டுக்காரி:

எல்லாப் பெண்களும் "சும்மா" என்று சொல்வதில்லை. எங்கள் மலையில் காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்கள் தெளிவாகச் சொல்வார்கள், "எஸ்டேட்டு வேலைக்குப் போறேன்" என்று. பழம் பறிப்பது பெரும்பாலும் பெண்கள், நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பதும் மிளகுக்கு ஏணி போடுவதும் ஆண்கள். ஆனால் பெயர் கூப்பிடும்போது அவள் பெயரையும் கூப்பிடுகிறார்கள், கூலி அவள் கையில் விழுகிறது. உங்கள் தெருவில் கூலி வீட்டுக்காரர் கைக்குப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "சும்மா" என்று சொல்லாத அந்த இரண்டு வீடுகளில் கூலி யார் கையில் வருகிறது என்று பாருங்கள்.

சிவதாபுரம் மாணவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஏற்காடு அக்கா கேட்டது சரியாகப் பட்டது. அந்த இரண்டில் ஒரு வீட்டில் கணவர் இல்லை, அந்த அக்காவே பட்டறைக்குப் போய் வெள்ளி வாங்கி வருகிறார். இன்னொரு வீட்டில் கணவர்தான் போகிறார், அங்கே வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் ஒரு வீட்டில் உட்கார்ந்து, விடியற்காலை நாலு மணியிலிருந்து என்ன செய்தார் என்று கேட்டேன். தண்ணீர் பிடித்தது, சமையல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் வந்தது, கொலுசு மூன்று மணி நேரம்தான் வந்தது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு மகள் தலையைத் தூக்கி, "ராத்திரி டிவி பார்க்கும்போதும் நாம சேர்ப்போமே அம்மா" என்றாள். அம்மா "அது பொழுதுபோக்குக்குடி" என்றார். டிவி பார்த்தது என்று எழுதியிருந்த இடத்தில் அதையும் சேர்த்து எழுதிக்கொண்டேன்.

அவள் "நாம" என்றதை என்ன செய்வது என்றுதான் இப்போது புரியவில்லை. என் ஆய்வு பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றியது. பிள்ளையின் நேரத்தையும் எழுதலாமா, எழுதினால் அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது தொந்தரவு வருமா? களப்பணி அக்கா, திங்கட்கிழமை என் பேராசிரியரைப் பார்க்கப் போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.