கொடைக்கானல் கல்லை வேகவைத்தது எது?

வணக்கம் நண்பர்களே, புவியியல் படித்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

கொடைக்கானல் மலைச்சாலை ஓரத்தில் எடுத்த ஒரு சார்னோகைட் (பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான, கிரானைட் போன்ற பாறை) துண்டு என் மேசையில் இருக்கிறது. உடைந்த முகம் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சையாக மின்னுகிறது. நடுநடுவே மிளகளவு சிவப்புக் கார்னெட் மணிகள். அவ்வளவு அழகு!

நீலகிரிச் சார்னோகைட் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். மதுரை, பழனிப் பக்கத்துப் பாறைகளிலோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய உருமாற்றம் பதிந்திருக்கிறது, கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம். இரண்டுக்கும் நடுவே பாலக்காடு–காவிரி மண்டலம். அங்கே ஒரு கடல் மூடிக்கொண்டு கண்டங்கள் மோதின என்கிறார்கள் பலர். சரி, மோதினால் பூமியின் மேலோடு தடிக்கும், சூடேறும். ஆனால் பழனி மலையில் சஃபிரின் என்ற கனிமம் உள்ள பாறைகள் 900 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெந்தவை. தடித்த மேலோட்டின் கதிரியக்க வெப்பமே அதற்குப் போதுமா? மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகத்திலிருந்தும் சூடான குழம்பு வந்திருக்க வேண்டுமா? பல நாளாக மனதைக் குடையும் கேள்வி இது.

அப்புறம், கல்லை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்கப் போகிறேன். பாறை சட்டென்று மேலெழுந்ததா, ஆழத்திலேயே மெல்ல ஆறியதா என்று அறிய, கார்னெட்டைச் சுற்றி எந்தக் கனிமங்களின் விளிம்பைத் தேட வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.