புதுப்பிப்பு: கோத்தகிரி சரிவில் உண்ணிச்செடி மறுபடி துளிர்ப்பது நின்றது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் மன்றத்தினர் அரிவாளால் அறுத்த உண்ணிப் புதர்கள் (லன்டானா என்னும் களைச்செடி) மழை பெய்ததும் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்ப்பது ஏன் என்று கேட்டிருந்தேன். மண்ணுக்குள் வேரை வெட்டச் சொன்ன யோசனைதான் பலித்தது.

தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்துதான் துளிர் கிளம்புகிறது. அதனால் மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே ஆணிவேரைக் கோடாலியால் துண்டித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். தண்டு ஈரமண்ணில் கிடந்தால் கணுவிலேயே வேர்விடும். பூத்துக் காய்ப்பதற்குள் முடிப்பது மிக முக்கியம். மண்வெட்டியால் சரிவைக் கிளறாதீர்கள். புதைந்த விதையெல்லாம் முளைக்கும், மண்ணும் அரிக்கும்.

எதிர்பாராத ஒன்று: வெட்டிய இடத்தைவிட, சின்னான் பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில்தான் நாற்றுகள் அதிகம். பழத்தைத் தின்று அங்கேதான் எச்சமிடுகின்றன. மழை விட்டதும் அந்த மரத்தடிகளில் கையால் பிடுங்கிவிடுகிறோம்.