ஒன்லி, ஆல்ரெடி எல்லாம் இங்லீஷ்ல எங்கதாங்க போடறது?

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
நேத்து ஒரு கூத்து நடந்துச்சு. க்ளையன்ட் ஒரு ஃபைல் பத்தி கேட்டாரு, நேத்துதான் பார்த்தேன்னு சொல்ல நினைச்சு "ஒன்லி ஐ செக்ட் த ஃபைல் யெஸ்டர்டே"னு மெயில் தட்டிட்டேன். அந்தாளு திருப்பி, ஏன் வேற யாருமே செக் பண்ணலன்னு என் லீடை சிசில போட்டு கேக்கறாரு. லீடு என்னைப் பார்த்து முறைக்கிறாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னே புரியல. யாராச்சும் கிராமர் புக் மாதிரி இல்லாம மனுஷனுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

பழைய_டியூஷன்_சார்:
தம்பி, நீங்க "நான் மட்டும்தான் பார்த்தேன், வேற யாரும் பார்க்கல"னு எழுதிருக்கீங்க, அவர் கேட்டது நியாயம்தான். நம்ம "தான்" எந்த வார்த்தையில வேணா போய் ஒட்டிக்கும். நான்தான் நேத்து ஃபைலைப் பார்த்தேன், நேத்துதான் பார்த்தேன், ஃபைலைத்தான் பார்த்தேன், மூணும் மூணு அர்த்தம். இங்லீஷ்ல ஒட்டறதுக்கு அப்படி ஒண்ணு இல்ல, அதனால எந்த வார்த்தையை அழுத்தணுமோ அதுக்கு முன்னாடி ஒன்லியை உக்கார வைக்கணும். "ஐ செக்ட் த ஃபைல் ஒன்லி யெஸ்டர்டே". பேசும்போது அவங்களே "ஐ ஒன்லி செக்ட் இட் யெஸ்டர்டே"ம்பாங்க, அதுவும் சரிதான், குரல்ல யெஸ்டர்டேவை அழுத்திடுவாங்க. மெயில்ல குரல் கேக்காதே.

டீகடை_பெஞ்ச்:
"ஐயாம் கமிங் ஃப்ரம் தேர் ஒன்லி"னு நாம சொல்றதும் இதே கதைதான், "அங்கேருந்துதான்" அப்படியே இங்லீஷ் சட்டை போட்டுட்டு வருது 😂 நம்மாளுங்களுக்குள்ள ஓடும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வெளிநாட்டு க்ளையன்ட்கிட்ட வேணாம்.

மல்லிப்பூ_83:
ஒன்லி மட்டும் இல்லங்க, என் பையனுக்கு சொல்லிக் குடுக்கறப்பதான் எனக்கே விளங்குச்சு, "ஹி ஸ்பீக்ஸ் வெல் இங்லீஷ்"னு எழுதி வெச்சிருந்தான், அவன் மேலயும் தப்பு சொல்ல முடியாது, தமிழ்ல வெர்ப் கடைசில வரும், "நல்லா" அதுக்கு முன்னாடியே வந்துடும், ஆனா இங்லீஷ்ல வெர்பும் ஆப்ஜெக்டும் கையைக் கோத்துட்டு நிக்கும், நடுவுல பூந்தா அவங்களுக்குக் காதுல உறுத்தும், அதனால "ஸ்பீக்ஸ் இங்லீஷ் வெல்". ஆல்வேஸ், ஆஃபன், நெவர் இதெல்லாம் வேற ஜாதி, வெர்புக்கு முன்னாடி வரும், "ஐ ஆல்வேஸ் டிரிங்க் காஃபி". ஆனா ஈஸ், ஆம், வாஸ் இருந்தா அதுக்குப் பின்னாடி, "ஹி ஈஸ் ஆல்வேஸ் லேட்".

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
அக்கா சூப்பர். அப்ப ஆல்ரெடி? நான் "ஆல்ரெடி ஐ சென்ட்"னுதான் தினமும் அனுப்பறேன்.

பழைய_டியூஷன்_சார்:
"ஏற்கனவே அனுப்பிட்டேன்"ல ஏற்கனவே முதல்ல வருது பாருங்க, அந்தப் பழக்கம். "ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்", ஹேவுக்கும் சென்ட்டுக்கும் நடுவுல. கடைசில போட்டாலும் ஓகே, ஆனா "அதுக்குள்ளயா!"ங்கற தொனி கொஞ்சம் வரும். இன்னொண்ணு, ரியலியைப் பார்த்து வைங்க. "ஐ டோன்ட் ரியலி லைக் இட்"னா அவ்வளவாப் பிடிக்கலன்னு பதமா சொல்றது. "ஐ ரியலி டோன்ட் லைக் இட்"னா சுத்தமாப் பிடிக்கல. ஒரு வார்த்தை தள்ளி உக்காந்ததுக்கு விருந்து வெச்சவங்க மூஞ்சி மாறிடும்.

டீகடை_பெஞ்ச்:
ஐயையோ, போன வாரம்தான் ஆன்சைட்ல மேனேஜர் வீட்டு கேக்குக்கு ரெண்டாவதைச் சொல்லிட்டு வந்தேன்.

நைட்ஷிஃப்ட்_ஆந்தை:
நன்றி சார், நன்றி அக்கா. இப்பதான் சென்ட் ஐட்டம்ஸ்ல தேடிப் பார்த்தேன். இந்த மாசம் மட்டும் "ஒன்லி ஐ"னு ஆரம்பிக்கிற மெயில் 11 போயிருக்கு. அதுல ஒண்ணு அப்ரைசல் மெயில், "ஒன்லி ஐ ஃபினிஷ்ட் த மாட்யூல் லாஸ்ட் வீக்". போன வாரம்தான் முடிச்சேன்னு சொல்ல வந்தேன், டீமே வேலை செய்யலன்னு எழுதி வெச்சிருக்கேன். அதான் லீடு முறைச்சிட்டே இருந்தாரு போல.