பனியைத் தள்ளிய பிறகு பானெட் முழுக்கக் கோடு, இன்று ராத்திரி மறுபடியும் பனி

வழிப்போக்கன்77:
அவசரம். நேற்று கார் மேல் ஒரு அடிக்குப் பனி. தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க மெல்லிய கோடுகள், கதவிலும் இருக்கிறது. வண்டி வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இன்று ராத்திரியும் கொட்டுமாம். பெயிண்ட் கெடாமல் எப்படி எடுப்பது? இந்தக் கோடு போகுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மலைமுகடு:
எதை வைத்துத் தள்ளினீர்கள்? அது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

ஈரக்காற்று:
வண்டி என்ன நிறம்? பனி மாவு மாதிரி உதிரியாக இருந்ததா, அடியில் ஐஸ் பிடித்திருந்ததா? பனி விழும் முன் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? மூன்றுக்கும் பதில் போடுங்கள் நண்பரே, அப்புறம் பார்க்கலாம்.

தேன்மெழுகு:
வாக்ஸ் போடாததுதான் காரணம். நான் குளிர் தொடங்கும் முன்பே இரண்டு கை வாக்ஸ் போட்டுவிடுவேன். பனி பிடித்துக்கொள்ளாமல் வழுக்கி இறங்கும், லேசாகத் தொட்டாலே போதும். வாக்ஸ் இல்லாத வண்டியில் எந்த பிரஷ் போட்டாலும் கோடு விழத்தான் செய்யும்.

பழையசாவி:
ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்வி. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். சரி, இன்னொரு முறை சொல்கிறேன்.

புதுப் பனி பெயிண்டைக் கீறாது. கீறுவது அதன் அடியில் இருக்கும் சாலை மணலும் உப்பும். வாக்ஸ் போட்டாலும் மணல் மணல்தான், தேன்மெழுகு. பெயிண்டின் மேலே இருக்கும் நிறமில்லாத காப்புப் படலம், அதாவது கிளியர் கோட், பெரும்பாலான வண்டிகளில் 50 மைக்ரானைத் தாண்டாது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன்மேல் மணலோடு பிரஷை அழுத்தி இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

முள் பிரஷைத் தூக்கி வையுங்கள். ஃபோம் தலை வைத்த தள்ளுகட்டை வாங்குங்கள். முதலில் ரூஃப், பிறகு கண்ணாடி, கடைசியில் பானெட். மாற்றிச் செய்தால் ஒரே இடத்தை இரண்டு முறை தேய்க்க வேண்டிவரும். நேர்கோட்டில் தள்ளுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முக்கியமானது இதுதான்: பெயிண்ட் தெரியும்வரை தள்ளக் கூடாது. இரண்டு விரல் கனத்துக்கு ஒரு படலத்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் சூட்டில் பானெட்டில் இருப்பது தானே இளகும்.

வழிப்போக்கன்77:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். கருநீலம். ஒரு முனையில் பிரஷும் மறு முனையில் ஸ்க்ரேப்பரும் இருக்குமே, அதுதான். அடியில் ஐஸ் ஒட்டியிருந்தது. ஸ்க்ரேப்பரைக் கண்ணாடிக்குத்தான் பயன்படுத்தினேன், கதவு ஓரத்தில் மட்டும் கொஞ்சம். கழுவி ஒரு மாதம் இருக்கும். முதலில் சக்கரத்தைச் சுற்றி இருந்ததை அதே பிரஷால் தள்ளினேன், அது தப்பா?

மலைமுகடு:
அங்கேதான் விஷயம் இருக்கிறது சகோ. சக்கரத்துப் பக்கம் இருப்பது பனி இல்லை, சாலையிலிருந்து தெறித்த உப்பும் மணலும் கலந்த சகதி. அது பிரஷ் முள்ளுக்குள் ஏறிவிட்டது. அதையே பானெட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள். சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரஷ் வையுங்கள். இப்போது இருப்பதை வெந்நீரில் அலசி, காயவைத்து, கண்ணாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைச் சோதிக்க, அந்த இடத்தை ஈரமாக்கிப் பாருங்கள். ஈரத்தில் மறைந்தால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கும், பெரும்பாலும் பாலிஷில் போய்விடும். காய்ந்த பிறகு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ஆழம் அதிகம். அவசரப்பட்டு இந்தக் குளிரில் பாலிஷ் போட வேண்டாம். பாலிஷ் அந்தக் கீறலை நிரப்புவதில்லை, சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத்தான் தேய்த்து இறக்குகிறது. அடிக்கடி செய்கிற வேலை இல்லை. குளிர் போகட்டும். கருநீலத்தில் எல்லாமே பெரிதாகத் தெரியும், மனம் உடைய வேண்டாம்.

சின்னமழை:
ஒட்டிய ஐஸுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் போய்விடுமே? பெயிண்டைத் தொடவே வேண்டாம்.

ஈரக்காற்று:
தயவுசெய்து வேண்டாம். கண்ணாடியில் கல் பட்ட சின்னப் புள்ளி இருந்தால் அங்கிருந்து விரிசல் ஓடிவிடும். வழிகிற தண்ணீர் கதவு ரப்பரில் போய் மறுபடி உறைந்து, கதவே திறக்காது. வண்டியை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள். அதற்கு முன்னால் பின்னால் போய் புகைக்குழாயைச் சுற்றி இருக்கும் பனியை முழுவதும் எடுத்துவிடுங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வண்டிக்குள் வரும், அதற்கு வாசனையே கிடையாது. மூடிய கராஜில் எஞ்சினைப் போடவே கூடாது. கண்ணாடிக்கு மட்டும் அவசரம் என்றால் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து தெளியுங்கள்.

நெடுஞ்சாலைக்காரன்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? நான் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ரூஃபில் இருப்பது காற்றில் தானே போய்விடும். தொடாத பெயிண்டில் கோடும் விழாது.

ஈரக்காற்று:
தானே எங்கே போகிறது தெரியுமா? பின்னால் வருகிறவன் முன்கண்ணாடிக்கு. போன குளிரில் எனக்கு முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு பலகை அளவுக்குப் பறந்து வந்து விழுந்தது. வைப்பர் அதைத் தள்ளி முடிக்கும்வரை எனக்கு எதுவுமே தெரியவில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறோம். இரண்டு நொடி கண் தெரியாவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நாடுகளில் இதற்கு அபராதமே உண்டு. உங்கள் பெயிண்டுக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

நெடுஞ்சாலைக்காரன்:
கோபப்படாதீர்கள். என் வண்டி உயரம், எனக்கு ரூஃப் எட்டாது. வேண்டுமென்று விடவில்லை.

தேன்மெழுகு:
கைப்பிடி நீளும் ஃபோம் தள்ளுகட்டை இருக்கிறது அண்ணா. கதவைத் திறந்து படிமேல் ஏறி நின்றால் பாதி ரூஃப் எட்டும், மறுபக்கமும் அப்படியே. கதவைத் திறக்கும் முன் அதற்கு மேலே இருப்பதை மட்டும் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சீட்டில் விழும். அழுக்கு இருந்தால் வாக்ஸ் காப்பாற்றாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பனி வழுக்கி இறங்குவது உண்மை.

ஈரக்காற்று:
ரூஃப் எட்டாமல் இருக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. கடுமையாகப் பேசியதற்கு மன்னிக்கவும்.

பழையசாவி:
கேட்டவர் ரூஃபைப் பற்றிக் கேட்கவில்லை. வழிப்போக்கன், ஹெட்லைட்டிலும் ஸ்க்ரேப்பர் போடாதீர்கள். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், உடனே கீறும். பின்பக்க கேமராவை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

வழிப்போக்கன்77:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அரை அடிதான் விழுந்தது. ஃபோம் கட்டையால் மேலிருந்து தள்ளி, ஒரு படலத்தை விட்டுவிட்டேன். புதிதாக எதுவும் விழவில்லை. பானெட் கோடு ஈரத்தில் மறைகிறது. கதவில் மறையவில்லை. வேலைக்குக் கிளம்புகிறேன்.

மலைமுகடு:
கதவில் நகம் மாட்டியதா? கோட்டுக்குள் வெள்ளையாகத் தெரிகிறதா, உலோகம் தெரிகிறதா? உலோகம் என்றால் குளிர் போகும்வரை விடாதீர்கள், உப்புப் பட்டுத் துரு பிடிக்கும். அந்த ஓரத்தைக் கழுவிக் காயவைத்து, கீறலை மூடும் டச்சப் பெயிண்ட் வையுங்கள். ஒரு படம் போடுங்கள், பார்க்கிறேன்.