‘நோ ரிப்ளை’ முகவரியில் காத்திருந்த 63 மடல்கள்

மாடித்தோட்ட விதை விற்பனையாளர், கோயம்புத்தூர்:

நாட்டுக் காய்கறி விதைகளை அஞ்சலில் அனுப்பும் சிறு தொழிலை 6 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் சந்தாதாரர்கள் அனைவருக்கும் வாரம் தவறாமல் ‘நோ ரிப்ளை’ (பதில் எழுத வேண்டாம்) என்னும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து தள்ளுபடி மடல் போகும். அந்த முகவரிக்கும் ஓர் அஞ்சல் பெட்டி உண்டு என்பதே எங்கள் நினைவில் இல்லை. பழைய ரசீது ஒன்றைத் தேடப்போய் அதைத் திறந்தபோது, 63 பதில்கள் படிக்கப்படாமல் கிடந்தன. அவற்றில் மூன்று, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியவை. “தம்பி, பாகல் விதை ஊன்றிப் பதினைந்து நாள் ஆகிறது, இன்னும் முளைக்கவில்லை. என் கைத்தவறா?” என்று முதல் மடலில் கேட்டிருந்தார். இரண்டாவதில் தொட்டியின் படத்தை இணைத்திருந்தார். மூன்றாவதில் ஒரே வரிதான் இருந்தது: “கேட்டால் சொல்ல ஆள் இல்லை போலும்.” அந்த மூன்று மடல்களுக்கும் இடைப்பட்ட நாள்களில் அவருக்கு நாங்கள் ஐந்து தள்ளுபடி மடல்கள் அனுப்பியிருந்தோம் என்பதைக் கண்டபோது கூசிப்போனேன்.

அன்றிரவே “அம்மா, தவறு எங்களுடையது” என்று தொடங்கிப் பதில் எழுதினேன். பாகல் விதையின் ஓடு கடினமானது என்பதால் ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றுவது நல்லது. அதை நாங்கள் உறையில் அச்சிடவே இல்லை. புதிய விதைகளையும் அனுப்பிவைத்தோம். சில வாரங்களில் ஒரு படம் வந்தது: இரண்டு முளைகள், அவற்றில் ஒன்றின் தலையில் விதையின் ஓடு இன்னும் கழலாமல் தொப்பிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

மற்ற 60 மடல்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அவற்றில் கேட்ட கேள்விகளே பின்னர் எங்கள் மடல்களின் பொருளாயின. இப்போது ஆடிப்பட்டத்துக்கு முன் போகும் மடலின் முடிவில், “உங்கள் மாடியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது?” என்று கேட்கிறோம். மூன்று, நான்கு மணி நேரம் என்று சொல்பவருக்குக் கீரை விதைகளைப் பற்றி எழுதுகிறோமே தவிர, வெயில் விரும்பும் கத்தரியை விற்க முனைவதில்லை.

கைத்தறிப் புடவை விற்பனையாளர், சேலம்:

மேலே எழுதியவரின் அனுபவம் என்னையும் பேச வைக்கிறது. 2021 இறுதியில், மடலைத் திறப்போரின் விகிதம் திடீரென உயர்ந்ததைக் கண்டு, நம் எழுத்து பலரையும் எட்டிவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்தேன். உண்மை வேறு. அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பெறுபவர் மடலைத் திறக்காவிட்டாலும் அதிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறப்பைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத சிறு படமும் அவற்றோடு சேர்ந்து இறங்கிவிடுவதால், படிக்காதவரும் படித்தவராகப் பதிவாகிறார். அதன்பின் எனக்கு வரும் பதில்களை மட்டுமே எண்ணுகிறேன். “பாவு நூல் எந்த எண்?” என்று ஒருவர் கேட்டெழுதினால், அந்த மடல் படிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இணையவழி இசை வகுப்பு நடத்துபவர், சென்னை:

என் மடல்கள் இனி வேண்டாம் என்பவர் விலகுவதற்கான இணைப்பைச் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். விலக வழி தெரியாதவர்கள் ‘ஸ்பேம்’ (வேண்டாத மடல்) என்ற பொத்தானை அழுத்தினார்கள். அதன் விளைவாக, வகுப்பு நேரம் மாறியதைச் சொல்லும் மடல்கூட அதை எதிர்பார்த்திருந்த மாணவரின் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தது. ஒரு சிறுமியும் அவள் தாத்தாவும் மாலை ஆறு மணிக்குக் கணினி முன் வெகுநேரம் காத்திருந்தார்கள் என்பதை மறுநாள்தான் அறிந்தேன். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் தம் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்றும், ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்றும் கூகுள் விதித்திருக்கிறது. எங்கள் பட்டியல் அந்த அளவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; ஆயினும் அந்த இணைப்பை மடலின் முதல் பத்திக்குக் கீழேயே வைத்துவிட்டேன். அதன் பக்கத்தில் ‘மாதம் ஒரு மடல் போதும்’ என்ற இன்னொரு தெரிவும் இருக்கிறது. விலக வந்தவர்களில் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தாத்தாவும் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.